நட்டைத் திருப்பி மாட்டி வைத்த ஊர்

ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கும் எனக்கும் தூரம். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நான் எறிந்த ஸ்பேனர் எந்தெந்தச் சுவரில் பட்டிருக்கிறது என்று. அதனால் புத்திமதியை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

உங்கள் கையில் ஸ்கேனர் இருக்கிறது. வண்டியில் சொருகினால் கோளாறை எழுதிக் காட்டிவிடுகிறது. சந்தோஷம். ஆனால் அந்தக் கோளாறு யாரால் வந்தது என்று அது சொல்லாது. அதை நாம்தான் சொல்கிறோம், கஸ்டமர் கேட்கிறாரே என்று, வாய்க்கு வந்தபடி. "முன்னாடி கை வெச்சவன் கெடுத்துட்டான் சார்" என்று சொல்லாத மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் நாற்பது வருஷம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், பொன்னேரியில் எங்கள் ஷெட்டைத் தேடி பெங்களூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் பிரேமா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா ஒரு காலத்தில் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஐஸ் பேக்டரி நடத்தியவர். பேக்டரி நின்றுபோனதும் குடும்பத்தோடு பெங்களூர் போய்விட்டார். போகும்போது தன்னுடைய காரை பேக்டரி ஷெட்டிலேயே விட்டு, காவலுக்கு இருந்த ஏழுமலை என்பவரிடம், "ஆறு மாசத்துல வந்து எடுத்துக்கறேன், பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஆறு மாதம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவரும் காலமாகிவிட்டார். இப்போது மகள் காரை எடுக்க வந்திருந்தார்.

என்ன கார் என்று கேட்டேன். போட்டோவைக் காட்டினார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைக்காரன் செய்த இரண்டு சீட்டு ரோட்ஸ்டர். கூரை கிடையாது, மழை வந்தால் துணியை இழுத்து மூட வேண்டும். கம்பி வைத்த சக்கரம், நீளமான மூக்கு, கரும்பச்சை நிறம். இந்த வகை வண்டியை நான் வாழ்க்கையில் மூன்றே தடவைதான் தொட்டிருக்கிறேன், மூன்றும் சின்ன வயதில் மெட்ராஸில் வேலை கற்றுக்கொண்டபோது. மறுநாள் முதல் ரயிலுக்கே ஆரம்பாக்கம் போய் இறங்கிவிட்டேன்.

ஷெட்டைத் திறந்தார்கள். வலையும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்ததை இழுத்தால், உள்ளே வண்டி சவுக்குக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒன்றுகூட இல்லை. ஹெட்லைட் இல்லை. ஸ்டீயரிங் வீல் இல்லை. பானெட்டைத் தூக்கினேன். இரண்டு கார்புரேட்டரும் இல்லை, டைனமோ இல்லை, ஸ்பார்க் பிளக்குகூட இல்லை. பாடியில் மட்டும் துரு இல்லை. ஏரிக்கரை உப்புக்காற்றில் ஒரு சைக்கிள் ஒரு மழைக்காலம் தாங்காது, இது எப்படித் தப்பியது என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியை இரண்டு நொடியாக்கி யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிரேமா அம்மா, "என்ன ஆச்சு மெக்கானிக்?" என்று கேட்டார். வாசலில் குப்பத்து ஜனம் பாதி நின்றிருந்தது. அவர்களுக்கு முன்னால் ஏழுமலையின் மகள் குப்பம்மா நின்றிருந்தாள். ஏழுமலை இறந்து பல வருஷமாகிறது; ஷெட்டுச் சாவி இவளிடம்தான் இருந்தது. "மேஸ்திரி, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா," என்றேன். அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஒண்ணொண்ணா கழட்டி வித்துட்டாங்கம்மா. வெளியாள் இல்ல, சாவி வெச்சிருந்தவன் வேலை. இன்ஜினும் இந்நேரம் இறுகிப் போயிருக்கும். வெறும் கூடுதான் மிச்சம்."

இன்ஜின் மேல் நான் கையைக்கூட வைக்கவில்லை. பார்த்ததே ஐந்து நிமிஷம். ஆசைப்பட்டு வந்த வண்டி இப்படிக் கிடக்கிறதே என்கிற எரிச்சல். அந்த எரிச்சலை யார் தலையிலாவது கொட்ட வேண்டியிருந்தது, செத்துப்போனவன் தலை வசதியாக இருந்தது.

பிரேமா அம்மா குப்பம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க நைனாவை நம்பித்தானே எங்கப்பா விட்டுட்டுப் போனாரு?"

"ஒண்ணும் ஊரை வுட்டுப் போவலம்மா. நைனா அப்டித்தான் சொல்லிட்டு செத்துச்சி. எது எங்க கீதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா போவல."

"போகலைன்னா எங்கே? நாளன்னைக்கு நான் பொன்னேரிக்கு வக்கீலைப் பார்க்கப் போறேன். அதுக்குள்ள பொருள் வந்தா சரி. வரலைன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட்தான்."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கலைந்து போனார்கள். பார்த்தீர்களா, திருட்டு முழி என்று நான் பிரேமா அம்மாவிடம் வேறு சொன்னேன். என் நாக்குக்கு அன்றைக்கு என்ன வந்ததோ.

அந்தக் குப்பத்தில் ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். விடிகாலையில் இறங்கினால் கழுத்து வரை தண்ணீரில் கிடப்பார்கள். கரையேறியதும் பிடித்ததை எல்லாம் குப்பம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவள்தான் ஏலத்துக்குக் கொண்டுபோய்ப் பேசி விற்றுக்கொண்டு வருவாள். அவள் சொன்னதுதான் விலை, யாரும் இரண்டாவது வார்த்தை கேட்டதில்லை. மறுநாள் காலை நான் மறுபடி அங்கே போனேன், எந்தெந்தப் பொருள் வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்ள. குப்பம்மா கரையில் காலிக் கூடையோடு நின்றிருந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டி, தங்கள் இறாலைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஏலத்துக்குப் போனார்கள். ஒருத்திகூட முகத்தைப் பார்க்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஷெட்டுக்குள் போனேன். இந்த அழகில் நான் பெரிய மேஸ்திரி.

கொஞ்ச நேரத்தில் குப்பம்மா உள்ளே வந்தாள். கையில் பழைய புடவைத் துணி சுற்றிய ஏதோ ஒன்று.

"இது என்னாண்ட கீது. நைனா எனக்குக் குடுத்தது. திருட்டுப் பொருள்னா இதையும் சேத்து எழுதிக்கோ."

துணியைப் பிரித்தாள். இன்ஜினைக் கையால் சுற்றுகிற இரும்பு ஹேண்டில். எண்ணெய் மின்னியது. முப்பது வருஷத்துப் பழைய இரும்பு மாதிரியே இல்லை.

"இதை வெச்சிக்கினு நீ என்ன பண்ணே?" என்றேன், போலீஸ்காரன் மாதிரி.

அவள் வண்டியின் முன்பக்கம் குனிந்து, பம்பருக்குக் கீழே இருக்கிற ஓட்டையைப் பார்க்காமலேயே ஹேண்டிலைச் சொருகினாள். ஒரு தரம் ஆட்டிப் பிடிமானம் பார்த்துவிட்டுச் சுற்றினாள்.

இன்ஜின் சுற்றியது.

பிள்ளைகளே, நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். இறுகிப் போயிருக்கும் என்று ஊர் கேட்கச் சொன்ன இன்ஜின், ஆட்டுக்கல் குழவி மாதிரி அலுங்காமல் சுற்றுகிறது. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குகிற மூச்சு கேட்கிறது.

"மாசம் ஒருக்கா, அமாவாசைக்கு," என்றாள். "நாலு ஓட்டையிலயும் ஒவ்வொரு கரண்டி ஆயில் வுட்டுட்டு, பத்து சுத்து. நைனா சாவறப்ப சொல்லிட்டுப் போச்சி. அதுக்கு முன்னாடி அதுவே சுத்துச்சி. வருசத்துக்கு ஒரு தபா வள்ளத்துக்கு அடிக்கிற மீன் எண்ணெய இதுக்கும் அடிப்போம். அத்தச் சொல்லத்தான் நேத்து வாயத் தொறந்தேன். நீ சும்மா இருன்ன."

டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை விட்டேன். நேற்றே பார்த்திருக்க வேண்டியதை அப்போதுதான் பார்த்தேன்.

கார்புரேட்டர் இருந்த இடத்தில் மரை போட்ட நான்கு ஸ்டட் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நான்கிலும் நட்டு இருந்தது. கழற்றியவன் அதை அதனதன் இடத்திலேயே, வாஷரோடு, கையால் திருகி, கிரீஸ் தடவி வைத்திருந்தான். காற்றுப்போகிற வழியில் வலையில் கட்டுகிற மிதவையைச் சீவி அடைத்திருந்தான். பிளக் ஓட்டைகளில் மரத்தக்கை. ஒயர் ஒவ்வொன்றின் முனையிலும் நூல் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. எது எங்கே மாட்ட வேண்டும் என்று எழுதப் படிக்கத் தெரியாதவன் வைத்த கணக்கு.

திருடன் நட்டைத் திருப்பி மாட்டி வைக்க மாட்டான். ஒயரை வெட்டுவான், நட்டைத் தரையில் போட்டுவிட்டு ஓடுவான். நட்டை அதன் இடத்திலேயே திருகி வைக்கிறவன், இன்னொரு நாள் இன்னொரு கை இதை மாட்ட வரும் என்று நம்புகிறவன். நாற்பது வருஷம் நட்டோடு வாழ்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதுதான், எழுதிக்கொள்ளுங்கள்: கழன்றிருப்பதைப் பார்க்காதே, கழற்றிய விதத்தைப் பார்.

"எதுக்குக் கழட்டினாரு உங்க நைனா?" என்று கேட்டேன்.

குப்பம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்று. "பெரிய புயல் வருதுன்னு ரேடியோல சொன்னான். புயல் வந்தா இன்னா பண்ணுவோம்? வள்ளம் கரையில, இன்ஜினு வூட்ல. வலை ஒரு வூட்ல, கயிறு ஒரு வூட்ல. ஒரு வூடு போனாலும் மொத்தமும் போவக் கூடாது. நைனாவுக்கு இதுவும் வள்ளந்தான். நான் அப்ப எளாவூர்ல வாழ்க்கப்பட்டு இருந்தேன். யார் வூட்ல எதைக் குடுத்துச்சோ, ஒருத்தர் வூட்ல இருக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒருநாள் எவனாவது எல்லாத்தையும் சேத்து வித்துடுவான்னு சொல்லுமாம்."

"அப்போ நேத்து ஏன் ஒருத்தரும் கொண்டுவரல?"

"இன்னா மேஸ்திரி கேக்கற? நீ திருட்டுன்னு சொல்லிட்ட. அந்தம்மா போலீசுன்னு சொல்லிட்டாங்க. இப்ப எவன் வூட்லருந்து சக்கரம் வெளிய வருதோ அவன்தானே திருடன்? கொழுப்பா, கொண்டாந்து மாட்டிக்கறதுக்கு?"

தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு ஊரே பத்திரமாக வைத்திருந்த பொருளை, என் ஒரே வார்த்தையில் ஒவ்வொரு வீட்டிலும் திருட்டுப் பொருளாக மாற்றிவிட்டேன். அவர்கள் நேற்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது திருட்டு முழி இல்லை. பயம். இந்த நிலைமையில், தன்னிடம் இருந்ததைப் பட்டப்பகலில் முதலில் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

பிரேமா அம்மாவுக்கு போன் போட்டு வரச்சொன்னேன். நட்டைக் காட்டினேன், முடிச்சைக் காட்டினேன், ஹேண்டிலைச் சுற்றிக் காட்டினேன். அவர் அந்த மிதவைத் துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "சரி, கம்ப்ளைன்ட் கிடையாது," என்றார். குப்பத்துத் தலைவரான நாட்டார், கோயில் மைக்கில் சொன்னார்: "ஏழுமலை குடுத்த பொருள் இருக்கிறவங்க பயப்படாம கொண்டாந்து குடுங்கப்பா. யார் மேலயும் ஒண்ணும் இல்ல." நான் தப்பாகச் சொன்னேன் என்று மைக்கில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமலே விஷயம் முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் அதுதான் என் நினைப்பு.

அடுத்த இரண்டு நாள் நான் பார்த்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

முதலில் ஒரு சக்கரம் வந்தது. இரண்டு பேர் மூங்கிலில் மாட்டித் தூக்கி வந்தார்கள். அடுப்புக்கு மேலே பரணில் கிடந்து, புகையேறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. துடைத்தால் உள்ளே கம்பி பளபளக்கிறது. ஸ்டீயரிங் வீலை ஒரு பெண் முறத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். வருஷாவருஷம் ஆயுதபூஜைக்கு வலையோடும் அரிவாளோடும் அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். குங்குமம் மேல் குங்குமமாக விரல் கனத்துக்குத் தடித்திருந்தது. அதைச் சுரண்ட எனக்கு மனசு வரவில்லை. சூசை என்று ஒரு மீனவர், ஹெட்லைட் இரண்டையும் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு கார்புரேட்டர் எளாவூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. "நாங்க ஊரை வுட்டுப் போனப்ப இத்தயும் தூக்கினு போய்ட்டோம். ஏழுமலை குடுத்தது, வுட்டுட்டா போவ முடியும்?" என்றார் அந்த மனிதர்.

ஒருவர் மட்டும் கையில் சாமான் இல்லாமல் வந்து ஓரமாக நின்றார். அவரிடம் கொடுத்தது பெட்ரோல் டேங்க் மூடி. அந்தப் புயலிலேயே அவருடைய வீடு ஏரியோடு போய்விட்டது, மூடியும் போய்விட்டது. இத்தனை வருஷம் அதை யாரிடமும் சொல்லவில்லையாம். மடியிலிருந்து ஒரு மூடியை எடுத்து நீட்டினார். அவருடைய படகு டீசல் டேங்கின் மூடி. "இது சேருமா பாருங்க," என்றார். ஒரு ரப்பர் வாஷர் போட்டேன், சேர்ந்தது. இன்றைக்கும் அந்த வண்டியில் அந்த மூடிதான் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனித்தேன். யாரும் பொருளை என்னிடமோ பிரேமா அம்மாவிடமோ கொடுக்கவில்லை. "உங்க நைனா குடுத்தது" என்று குப்பம்மா கையில் வைத்தார்கள். அவள் வாங்கி என் பக்கம் நகர்த்துவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஹேண்டில் கொண்டுவந்த அன்றைக்குப் பேசியதுதான், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது. இறால்காரப் பெண்கள் மட்டும் திரும்பி வரவில்லை. போலீஸ் பயம் போயிருந்தது, பேச்சு போகவில்லை. "எல்லாம் வந்துச்சோ, பாதிதான் வந்துச்சோ, யார் கண்டா" என்று கரையில் ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது.

வண்டியைப் பொன்னேரிக்கு லாரியில் ஏற்றிவிடலாம் என்றார் பிரேமா அம்மா. வேண்டாம், இங்கேயே மாட்டுகிறேன் என்றேன். வேலை இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. டயர், ரப்பர், பெட்ரோல் குழாய், பிரேக் என்று புதிதாக வாங்கியது உண்டு. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை, விடுங்கள். முடிச்சை எண்ணி ஒயரை மாட்டினேன். ஒரு முடிச்சும் பொய் சொல்லவில்லை. எழுத்து தெரியாத அந்த மனிதரைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே கண் கலங்கும். கிரீஸ் கையால் துடைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வெளியே தள்ளினோம். சர்ச்சுக்குப் போனவர்கள், ஏலத்திலிருந்து திரும்பியவர்கள், ஊரே கூடிவிட்டது. ஹேண்டிலைக் குப்பம்மாவிடம் கொடுத்தேன். "கட்டை விரலை மடக்காம பிடி. எதிர்த்து அடிச்சா கை போயிடும்," என்றேன். தலையை ஆட்டினாள். முதல் சுற்று, ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

ஐயோ, அந்தச் சத்தம். புகை ஒரு பக்கம், மீன் எண்ணெய் சூடாகிற நாற்றம் ஒரு பக்கம், நாய்கள் கரை முழுக்க ஓடுகின்றன. முப்பது வருஷம் மூச்சை அடக்கி வைத்திருந்தது இப்போது வாய்விட்டுக் கத்துகிறது. பிரேமா அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "ஏறு குப்பம்மா, முதல் ரவுண்டு நீதான்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

குப்பம்மா ஏறவில்லை. ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. காதை அவள் பக்கம் நீட்டினேன்.

"வண்டிய நிறுத்து, மேஸ்திரி."

"இப்ப நிறுத்தக் கூடாதும்மா. கொஞ்சம் சூடாகட்டும். நிறுத்தினா திரும்பப் பிடிக்குமோ என்னவோ."

"நிறுத்தாதீங்க மெக்கானிக், ப்ளீஸ்," என்றார் பிரேமா அம்மா.

குப்பம்மா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கி இங்க நின்னுக்கினு எங்க நைனாவ ஒரு வார்த்த சொன்ன. ஊரே கேட்டுச்சி. அது தப்புன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்றது? இந்தச் சத்தத்துல நீ சொன்னா எவனுக்குக் கேக்கும்?"

சாவியைத் திருப்பினேன். நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் ஆகுமா என்கிற யோசனை சத்தியமாக எனக்கு வரவில்லை. இறங்கினேன். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் இறால்காரப் பெண்கள்.

"ஏழுமலை திருடல," என்று முணுமுணுத்தேன்.

"கேக்கல," என்றாள் குப்பம்மா.

"ஏழுமலை திருடல. அவரு காப்பாத்துனாரு. இந்தப் பொண்ணும் காப்பாத்துச்சி. நான்தான் பார்க்காம சொன்னேன். தப்பு என்னுது."

குப்பம்மா முந்தானையால் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள். மறுபக்கமாகச் சுற்றிப் போய், பிரேமா அம்மா திறந்து வைத்த கதவு வழியாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப எடு," என்றாள்.